நூறு மில்லிமீட்டர் வலி

அன்றைக்கு நான்காவது முறையாகத் தொலைபேசி அடித்தபோது ஜெனிவால் அடுப்படியில் கோழிக்கஞ்சி கிளறிக்கொண்டிருந்தான். யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஒரு கன்னம் பப்பாளியாக வீங்கிக் கிடந்த அவன் மனைவி மரில்டா, ஐஸ் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பெண் போல ஓடிப்போய் எடுத்தாள்.

"சொல்லுங்க டாக்டர்… ஆமா, இருக்கு. மத்தியானம் ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப அந்த ஆணிய யாரோ மெதுவாத் திருகுற மாதிரி… இல்ல இல்ல, காதுக்குப் போகல, தாடைக்குக் கீழ நிக்குது. அறுபத்தி நாலு. ஸ்கேல் வெச்சே பாத்துட்டேன்."

அந்த ஸ்கேல் ஜெனிவாலுடையது. பழுது பார்க்க வரும் ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரை அளக்க அவன் வைத்திருந்த இரும்பு ஸ்கேல். அதைக் கேட்காமலே அவன் பெட்டியிலிருந்து எடுத்துப் போய் வேறொருத்தனுக்கு வலி அளந்து சொல்கிறாள். கஞ்சி அடிப்பிடித்தது.

விஷயம் இதுதான். ஊரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் எலும்புக்குள் படுத்துக் கிடப்பவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். முதலில் இடது பல்லை எடுப்பார்கள், மூன்று வாரம் கழித்து வலது. ஒரு பக்கத்துக்கு இபுபுரோஃபென், மறு பக்கத்துக்கு நிமெசுலைடு. எந்தப் பொட்டலத்தில் எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது; மேலே ஓர் எண் மட்டும் இருக்கும். ஒரே ஆள், ஒரே வாய் என்பதால் எது வலிக்கு நன்றாகக் கேட்கிறது என்று நேர்மையாகத் தெரிந்துவிடுமாம். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் நூறு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. இந்த முனை வலியே இல்லை, அந்த முனை இதற்கு மேல் வலி இல்லை. நடுவில் எங்கே என்று பேனாவால் ஒரு வெட்டு வெட்ட வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு நாள் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் டாக்டர் கூப்பிட்டுக் கேட்பார். டாக்டர் பெயர் லியாந்த்ரோ. வயது முப்பதுகூட இருக்காது.

இதெல்லாம் சேரும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிய விவரங்கள். ஜெனிவாலுக்கும் வாசித்துக் காட்டினார்கள். அப்போது அவன் நல்ல காரியம் என்றுதான் தலையாட்டினான். டாக்டர் இவ்வளவு அக்கறையாகக் கேட்பார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

மரில்டாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நானூறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போடுகிறவள். இரண்டு பிள்ளைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டே பெற்றாள். கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்தாலும் "அட" என்று ஒரு சொல், அவ்வளவுதான். இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் தனக்கு எங்கே என்ன வலி என்று அவள் ஜெனிவாலிடம் வாய் திறந்ததில்லை. அவள் அப்படித்தான், இரும்பு என்று அவன் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான். இப்போது அந்த இரும்பு ஐந்து நிமிடத்துக்கு ஆணி, திருகு, தாடை என்று கதை கதையாகச் சொல்கிறது.

"என்னவாம்?" என்றான், அவள் போனை வைத்ததும்.

"எவ்ளோ வலிக்குதுன்னு கேட்டாரு."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?"

"அவரு கேட்டாரு, நான் சொன்னேன். நீ பெக்கிச் சோறு ஆக்கி வெச்சிருந்ததையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு."

அது நடந்தது உண்மை. பெக்கிப் பழக் காலம். அவளுக்கு உயிர் என்று அதிகாலையில் சந்தைக்குப் போய் வாங்கி வந்து, காலையிலேயே சோறு ஆக்கி மூடி வைத்திருந்தான். அந்தப் பழத்தை முன்பல்லால் மெதுவாகச் சுரண்டித்தான் தின்ன வேண்டும்; கொஞ்சம் அழுத்தினால் உள்ளேயுள்ள முள் நாக்கெல்லாம் குத்தும். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவளுக்கு அதைத்தான் ஆக்கி வைத்திருந்தான் இந்த மகானுபாவன். அவன் அறியாமல் செய்த அன்பு இன்னொருத்தனுக்கு வேடிக்கையாகப் போனதில் ஜெனிவாலுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"வலிச்சா சொட்டு மருந்து போட்டுக்க வேண்டியதுதான. இதுக்குப் போயி…"

"சொட்டு மருந்து தொடவே கூடாதுன்னு நோட்டுல எழுதியிருக்கு. தாங்க முடியலன்னா அவரு குடுத்த வேற மாத்திரை ஒன்னு இருக்கு. அதப் போட்டாலும் எழுதி வைக்கணும்."

"அவரு, அவரு, அவரு," என்று முணுமுணுத்துக்கொண்டு கருகிய கஞ்சிப் பானையைத் தேய்க்கப் போனான்.

இரவு அவள் குளிக்கப் போனபோது திருட்டுத்தனமாக அவள் போனை எடுத்து டாக்டரின் படத்தைப் பார்த்தான். சைக்கிளில் உட்கார்ந்து, கத்தரித்த தாடியோடு சிரித்துக்கொண்டிருந்தான் பையன். பல்லெல்லாம் வரிசை பிசகாமல் நின்றது. ஜெனிவால் தன் வாயை மூடிக்கொண்டான். நோட்டையும் விடவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ஐம்பத்தெட்டு, எழுபத்தொன்று, எழுபத்தெட்டு, அறுபத்து நான்கு. எழுபத்தெட்டுதான் உச்சம். அந்த எண் அவன் மண்டையில் குடியேறிவிட்டது.

மூன்று வாரம் அவன் பொருமிக்கொண்டே திரிந்தான். ஃப்ரிட்ஜின் வயிற்றில் காது வைத்துக் கேட்டு எந்தப் பாகம் முனகுகிறது என்று சொல்லிவிடுகிறவன், தன் வீட்டுக்காரி அவனிடம் ஏன் முனகுவதில்லை என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தான். அவளிடமே கேட்டிருக்கலாம். அது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

கடைசியில் முனை மருந்துக் கடையில் வால்டிரிடம் போய் நின்றான். வால்டிர் கவுன்டரில் இருபது வருடம் நின்றவன். ஊரில் பாதிப் பேருக்கு அவன்தான் டாக்டர்.

"பல்லு புடுங்குனா எதுடா நல்லாக் கேக்கும்?"

"யாருக்கு? உன் பொண்டாட்டிக்கா? அதான் தெனம் ஆறு தடவ ஒருத்தன் விசாரிக்கிறானாமே. என் கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் எங்களுக்கும் ஒரு பல்லப் புடுங்கச் சொல்லுங்கன்னு கேக்குறாளுங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

வால்டிர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணினான். "பாராசிட்டமால் சாது. புள்ளத்தாச்சிக்குக் குடுக்கலாம், குழந்தைக்குக் குடுக்கலாம், ஆனா பல்லு வலிக்கு முன்னாடி கைகட்டி நிக்கும். இபுபுரோஃபென் வீக்கத்தையும் சேத்து எறக்கும், வயித்துல சோறு இருக்கணும். நிமெசுலைடு ஜோராக் கேக்கும், ஆனா ஈரலுக்கு ஆகாது, வெளையாடக் கூடாது. நம்ம டிபிரோனா…"

"அது தெரியும்."

தெரியாமலா? இந்த ஊரில் கதவில்லாத வீடுகூட இருக்கும், டிபிரோனா சொட்டு மருந்து இல்லாத வீடு கிடையாது. தலைவலிக்கு நாற்பது சொட்டு, காய்ச்சலுக்கு நாற்பது சொட்டு, மாமியார் வந்து இறங்கினால் நாற்பது சொட்டு. ஜெனிவால் வீட்டிலேயே மூன்று புட்டி இருந்தது. ஆனாலும் புதிதாக ஒன்று வாங்கி, சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தான்.

யோசனை சுலபமானது. வலி இருந்தால்தானே சொல்லுவாள்? வலியே இல்லையென்றால் அந்தப் பையனிடம் பேச என்ன இருக்கிறது?

இரண்டாவது பல்லுக்குப் போகிற காலையில் மரில்டா நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். காதில் தோடு. கண்ணாடி முன்னால் நின்று உதட்டுக்குச் சாயம் பூசினாள்.

"பல்லு புடுங்கப் போறதுக்கு உதட்டுச் சாயம் எதுக்கு?"

"பின்ன, காலுக்கா பூசுறது? அவரு வாயைத்தானய்யா பாக்கப் போறாரு."

ஜெனிவால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். இந்த முறை வலது கன்னம். ஜெனிவால் அடுப்படிக்குப் போனான். மரக்குஜா என்கிற புளிப்புப் பழத்தைப் பிழிந்து, நாலு கரண்டி சர்க்கரை போட்டு, புட்டியைக் கவிழ்த்து முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று எண்ணிக் கலக்கினான். டிபிரோனாவின் கசப்பு லேசுப்பட்டதல்ல. இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டான்.

"இந்தா. ஜூஸ்."

மரில்டா தம்ளரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்தினாள். பிறகு அவள் மடமடவென்று மீதியையும் குடித்து, தம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. "பதினொன்னு டாக்டர்." இரண்டு மணிக்கு: "நாலு." நான்கு மணிக்கு அடுத்த தம்ளர் ஜூஸ் இறங்கியது, ஆறு மணிக்கு, "ஒன்னுமில்ல டாக்டர். பூஜ்யம். ஆமா, பூஜ்யந்தான். சரி, வெச்சிடுறேன்." அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆணியும் இல்லை, திருகும் இல்லை. ஜெனிவால் சீட்டியடித்துக்கொண்டே முற்றத்துப் பட்டறையில் ஒரு கம்ப்ரஸரைக் கழற்றினான். படுக்கப் போகுமுன் மூன்றாவது தம்ளர், விடிந்ததும் நான்காவது. அந்தப் பையனின் வாயை அடைத்தாயிற்று.

ஆனால் மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது.

டாக்டர் லியாந்த்ரோ நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு கோப்பு. படத்தில் இருந்ததைவிட உயரம். முகமெல்லாம் பூரிப்பு. "டோனா மரில்டா! போன்ல கேட்டு எனக்கு நம்பிக்கையே வரல. நோட்டை நேர்ல பாக்கலாம்னு ஓடி வந்தேன்," என்று மரியாதைக்கு ‘டோனா’ போட்டுக் கூப்பிட்டபடியே உள்ளே வந்து ஜெனிவாலின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். வீட்டில் இருந்த நாற்காலிகளில் அவருக்கு அதுதான் கிடைத்தது.

மரில்டா காபி கொண்டுவர எழுந்தாள். "நீ உக்காரு," என்று ஜெனிவால் உறுமிவிட்டு, தானே போய்க் கொண்டுவந்தான். வந்தபோது டாக்டர் அவள் வாய்க்குள் சின்ன விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்திருந்தாள். ஜெனிவால் காபித் தம்ளர்களை மேசையில் டொக்கென்று வைத்தான்.

"இருபத்தெட்டு பேரு இதுவரைக்கும். ஒருத்தருக்குக்கூட பூஜ்யம் வந்ததில்ல," என்றார் டாக்டர். "எங்க பேராசிரியரு ஆடிப்போயிட்டாரு. வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு வர முடியுமா? எல்லாரும் ஒக்காந்து நீங்க சொல்றதக் கேக்கணும். முடிவு இப்படியே நின்னுச்சுன்னா, நாளைக்கு எங்ககிட்ட வர்ற அத்தன பேருக்கும் இந்த மாத்திரையத்தான் குடுக்கச் சொல்லுவோம்." பேனாவைத் திறந்தார். "ஒரு கேள்வி கேட்டாகணும், கோச்சுக்காதீங்க. வேற மருந்து எதுவும் எடுத்துக்கலயே?"

"நான் எடுத்து எதுவும் குடிக்கல," என்றாள் மரில்டா. சொல்லிவிட்டுத் திரும்பி ஜெனிவாலைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை. நீலச் சட்டை, தோடு, உதட்டுச் சாயம், ஒரு அறை நிறையத் தாடி வைத்த டாக்டர்கள், நடுவில் மரில்டா. ஜெனிவாலின் கண்முன்னே எல்லாம் ஓடியது. அவன் உண்மையைச் சொன்னான் என்றால், மனசாட்சி உறுத்தியதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் சொன்னான்.

"நான் குடுத்தேன்."

"என்ன குடுத்தீங்க?"

"டிபிரோனா. ஜூஸ்ல. தடவைக்கு நாப்பது சொட்டு. நாலு தடவ."

டாக்டர் கத்தியிருந்தால் ஜெனிவாலும் கத்தியிருப்பான். அந்தப் பையன் கத்தவில்லை. முகத்தில் இருந்த பூரிப்பெல்லாம் வடிய, நோட்டை எடுத்தார். பிறகு வலது பல்லுக்கான பக்கங்களில் ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டார்.

"அவங்களுக்குத் தெரியாமலா?"

"ஆமா."

"அவங்களுக்கு அது ஒத்துக்காம இருந்திருந்தா? சில பேருக்கு ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சே அடைச்சிடும். நான் போன்ல கேக்குறப்ப என்ன சாப்பிட்டாங்கன்னு அவங்களாலயே சொல்ல முடியாது. நான் என்னன்னு நெனச்சு வைத்தியம் பாப்பேன்? அவங்க மேல உங்களுக்கு என்ன கோவம் சார்?"

"கோவமெல்லாம் இல்ல," என்றான் ஜெனிவால். அவள் சின்ன வயதிலிருந்து குடிக்கிற மருந்துதான் அது. ஆனாலும் மூச்சடைக்கும் என்று கேட்டதும் அவனுக்குத்தான் மூச்சடைத்தது.

"இவங்கள ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடணும்," என்று டாக்டர் எழுந்தார். "மாத்திரையத் தொடர்ந்து போட்டுக்கங்க டோனா மரில்டா. வேணும்னா இனிமே டிபிரோனாவும் போட்டுக்கலாம், மறைக்காம. வர்ற வாரம் தையல் பிரிக்க வாங்க. இனிமே நான் கூப்பிட மாட்டேன்." காபியைத் தொடாமலே போய்விட்டார். நோட்டும் அவரோடு போனது.

சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டியது.

"மொத மடக்குலயே தெரியும்," என்றாள் மரில்டா.

"என்னது?"

"அந்தக் கசப்பு தெரியாமப் போகுமா? அஞ்சு வயசுலேர்ந்து குடிக்கிறேன். நீ ஒரு மூட்டை சக்கரையக் கொட்டினாலும் தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்ச?"

"குடிச்சேன். அந்தப் புள்ளகிட்ட மறைக்கவும் செஞ்சேன். தெரிஞ்சா உன்னத் திட்டுவாரேன்னு." வீங்கிய கன்னத்தோடு அவள் லேசாகச் சிரித்தாள். "இருபத்தி மூணு வருஷத்துல நீ எனக்குன்னு ஒரு வாய் ஜூஸ் கலந்து குடுத்ததில்ல. எனக்கு வலிக்கக் கூடாதுன்னு ஒரு ஆளு ஒளிஞ்சு ஒளிஞ்சு கலக்குறானேன்னு இருந்துச்சு. அப்படித்தான? எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான போட்ட?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்ந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அந்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது அவனால் பொய்யில் இன்னொரு தம்ளர் கலக்க முடியவில்லை.

"இல்ல," என்றான். "வலி இல்லன்னா நீ அவன்கிட்டப் பேச மாட்டேன்னு போட்டேன்."

மரில்டாவின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"நாலு தம்ளர்யா," என்றாள் மெதுவாக. "அந்தக் கசப்ப நாலு தம்ளர் குடிச்சேன்." முகத்தைச் சன்னலுக்கு மறுபக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஜெனிவால் முற்றத்துக்குப் போனான். கதவு கழற்றிய மூன்று ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. அவள் டாக்டரிடம் ஏன் அத்தனை சொன்னாள் என்று மூன்று வாரமாகக் குடைந்துகொண்டிருந்தானே, அதற்கு அவள் முதல் நாளே பதில் சொல்லிவிட்டிருந்தாள். அவரு கேட்டாரு, நான் சொன்னேன். அவன் எப்போதாவது கேட்டிருக்கிறானா? சொட்டு மருந்து போட்டுக்கோ என்று சொல்லியிருக்கிறான். சூடு வெச்சுக்கோ, படுத்துக்கோ என்றும் சொல்லியிருக்கிறான். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று ஒரு தடவை கேட்டதாக அவனுக்கு நினைவு வரவில்லை.

ஏழு மணி ஆனது. சன்னல் வழியாக அவள் முதுகும் ஒருபக்கத்து மடியும் தெரிந்தன. மடியில் போன் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். திரும்பக் கவிழ்த்து வைத்தாள். இனி அடிக்காது என்று தெரிந்தும் பார்த்தாள். ஜெனிவாலுக்கு இப்போதும் சுருக்கென்றது. அவன் பொறாமை ஒரு நாளில் போகிற சங்கதி இல்லை. ஆனாலும் எண்ணெய்ப் பிசுக்குக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தான்.

அவள் மடியில் மணி அடித்தது. திரையில் அவன் பெயரைப் பார்த்தாள். திரும்பிப் பார்க்காமலே எடுத்தாள்.

"சொல்லு."

"டோனா மரில்டா…" டாக்டர் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டான். "இப்ப வலி எவ்ளோ இருக்கு?"

பக்கத்து வீட்டில் யாரோ பெக்கிச் சோறு ஆக்குகிற வாசனை வந்தது.

"பூஜ்யத்துலேர்ந்து நூறுக்கா?" என்றாள்.

"ஆமா."

"எழுதிக்கிறியா, சும்மா கேக்குறியா?"

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். காலடியில் ஓர் அட்டை கிடந்தது. "எழுதிக்கிறேன்."

"தொண்ணூத்தி ஒன்னு."

டாக்டரிடம் சொன்ன உச்சம் எழுபத்தெட்டு. முதலில் ஜெனிவாலுக்கு வந்தது சந்தோஷம்தான்; வெட்கக்கேடு, ஆனால் உண்மை. அந்தப் பையனுக்குச் சொன்னதைவிடப் பதின்மூன்று மில்லிமீட்டர் அதிகம், தனக்கு. அப்புறம்தான் அது எவ்வளவு வலி என்று உறைத்தது. காலையில் கொடுத்த சொட்டு எப்போதோ தேய்ந்து போயிருக்கும். டாக்டர் உட்கார்ந்து பேசியபோதும், இவன் உண்மையைச் சொன்னபோதும் அவள் அதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"டிபிரோனா கொண்டாரட்டுமா?" என்றான். "உனக்குத் தெரிஞ்சேதான்."

"கொண்டா. ஆனா மொதல்ல கேட்டு முடி. இப்ப சொன்னது பல்லு மட்டும்தான்."

ஜெனிவால் அந்த இரும்பு ஸ்கேலைத் தேடி எடுத்தான். அட்டையில் அளந்து, இன்னொரு கோடு இழுத்தான்.

"சொல்லு," என்றான்.